சத்தம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்

என் கணவரின் பாட்டை நிறுத்தியவள் நான்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவருக்கு வயதாகிவிட்டது, தொண்டை போய்விட்டது என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. ஆனால் நீங்கள் அப்படிக்கூட நினைக்கவில்லை. அவர் இன்னமும் பாடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்!

ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் திருப்பூர் நல்லூர்க் கல்யாண மண்டபத்தில் எங்கள் சபையின் இசை விழா நடக்கிறதே... எந்தச் சாமி கும்பிடுகிறவரும் வரலாம் என்று தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுக்கிறோமே... நீங்களும் வந்து உட்கார்ந்து, கேக்கும் டீயும் வாங்கிக்கொண்டு, கைதட்டிவிட்டுப் போகிறீர்களே... உங்களிடம்தான் சொல்கிறேன்.

பின்வரிசையில் வலது ஓரமாக ஒருவர் நிற்பார். உயரமானவர். வெள்ளைச் சட்டை. வாயை நன்றாகத் திறந்து, வார்த்தைக்கு வார்த்தை உதட்டை வளைத்துப் பாடுவார். அவர் பெயர் செல்லத்துரை. என் கணவர்.

அவர் தொண்டையிலிருந்து சத்தம் வருவதில்லை. பல வருடங்களாகவே வருவதில்லை.

வரவேண்டாம் என்று சொன்னது நான். முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பேனே, நானேதான்.

நோட்டீஸில் என்னைப் பாடகர் குழுத் தலைவி என்று போடுகிறார்கள். பெரிய படிப்பெல்லாம் இல்லை. வாரம் முழுக்கப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வெள்ளை விளக்குக்குக் கீழே துணியை விரித்து ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை உள்ளதைத் தனியாகத் தூக்கி எறிய வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் சபைக்கு வந்தால் அங்கேயும் கிட்டத்தட்ட இதே வேலைதான். யார் சுருதியை விட்டார்கள், யார் முந்திக்கொண்டு போனார்கள்... கண்ணைப் போலவே என் காதும் குறையைத்தான் முதலில் பிடிக்கும்.

இதில் எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது.

அவரும் நானும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆனால் திருப்பூரில்தான் பார்த்துக்கொண்டோம். அப்போது எங்கள் சபைக்குக் கட்டடம் கிடையாது. மூடிப்போன ஒரு தையல் கம்பெனியின் தகரக் கொட்டகையில் ஆராதனை. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து நின்று பாடியபோது, நான் பிடித்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு அதிர்ந்தது. முதலில் வெளியே லாரி போகிறது என்று நினைத்தேன். அது குரல்! பின்னாலிருந்து, ஆண்கள் பக்கத்திலிருந்து, தரையோடு தரையாக வந்த குரல்.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற என் கூட்டாளி இடுப்பில் இடித்தாள்.

"முன்னால பாத்துப் பாடுட்டி. பாட்டு அங்கயா எழுதியிருக்கு?"

அந்தக் குரலைத்தான் நான் கட்டிக்கொண்டேன். ஆள் அதோடு சேர்ந்து வந்தார்... இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

வீட்டிலும் ஓயாமல் பாடுவார். குளிக்கும்போது, மீன் கழுவும்போது, வண்டியைத் துடைக்கும்போது. நான் சமையலறையிலிருந்து பெண்களின் இரண்டாம் குரலான ஆல்ட்டோவைப் பாடுவேன். அவர் குளியலறையிலிருந்து கீழ்க்குரலைப் பிடித்துக்கொள்வார். நடுவில் ஒரு சுவர். எங்களுக்குள் சண்டை வந்தால்கூட அப்படித்தான் முடியும். யாராவது ஒருவர் தொடங்கிவிடுவோம், மற்றவர் சும்மா இருக்க முடியாது.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா தாராபுரம் பக்கத்துக் குண்டடத்துக்காரர். வயலை விற்றுவிட்டு மகன் தயவில் நல்லூரில் வீடு கட்டியவர். மாரியம்மன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை தவறமாட்டார். அவரே சொல்வார், "கண்ணு, காத்தால தம்பி பாடற சத்தம் கேட்டாத்தானுங்க எனக்கு அடுப்புப் பத்த வெக்கவே தோணுது."

இப்போது என் கணவரின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் அவர் ஆப்பரேட்டர். வட்ட வட்டமான மிஷின்கள் சுற்றிச் சுற்றித் துணி பின்னும். உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் குரலால் பேசுவதில்லை. சத்தமே இல்லாமல் உதட்டை நன்றாக வளைத்துப் பேசுவார்கள். 'டீ வந்தாச்சு' என்று இந்த மூலையில் ஒருவர் உதட்டை அசைத்தால், அந்த மூலையில் இருப்பவர் படித்துக்கொண்டு தலையாட்டுவார். அதில் என் கணவர் கெட்டிக்காரர். சபையில் பிரசங்கம் நீண்டுபோனால், ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைப்பார். 'பசிக்குதுட்டி.' நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன். நாளடைவில் எனக்கும் அந்தப் பேச்சு படிக்கவும் வந்தது, பேசவும் வந்தது.

அந்த மிஷின் சத்தம் அவர் காதைத் தின்றது. கொஞ்சம் கொஞ்சமாக. டிவி சத்தம் ஏறியது. நான் எதைச் சொன்னாலும் "ஆங்?" என்றார். பிறகு பாட்டில் தெரிந்தது. வரியின் கடைசியில் குரல் லேசாக இறங்கிப் போகும். அரைச் சுரம்கூட இருக்காது. அவருக்கு அது தெரியவில்லை. எப்போதும்போல முழு நெஞ்சோடு பாடிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் போகுமா!

அந்த வருடம் இசை விழாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இசை மாஸ்டர் வந்தார். பெரிய சபைகளில் பயிற்சி கொடுப்பவர். விழாவை வீடியோ எடுத்து நெட்டில் போடுவோம், நன்றாக வந்தால் கோயம்புத்தூரில் பாட உங்கள் குழுவைக் கூப்பிடுகிறேன் என்றார். நான் அதற்கு ஆசைப்பட்டேன். மறைக்கமாட்டேன். பேயாக ஆசைப்பட்டேன். பனியன் கம்பெனிச் சனம்தானே, இதுகளுக்கு நாலு குரலில் பாட எங்கே வரும் என்று பார்க்கிறார்களே, அந்த ஆட்கள் முன்னால் ஒரு தடவை... ஒரே ஒரு தடவை...

விழாவுக்கு முந்தின நாள் கடைசிப் பயிற்சி. மாஸ்டர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"பின்னாடி யாரோ ஒருத்தர் கீழ இழுக்கறாரு. சரி பண்ணுங்க சிஸ்டர்."

யாரும் பின்னால் திரும்பவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் மட்டும் எதுவும் காதில் விழாமல், பாட்டுத் தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறுபடி எங்கிருந்து தொடங்குவது என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம்.

இடைவேளையில் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போனார். நானும் போனேன்.

"ஏங்க, நாளைக்கு ஒரு நாள் மட்டும்..."

"ஆங்?"

சத்தமாகச் சொல்ல முடியாது. சுற்றிலும் ஆட்கள். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பெனியில் அவர்கள் பேசுவதுபோல, குரலை மூடிவிட்டு, உதட்டை நன்றாக வளைத்துச் சொன்னேன்.

'வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம்.'

பிரசங்க நேரத்தில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த விளையாட்டு அது. அதை எடுத்தே அவரைக் குத்தினேன்.

அவர் படித்துவிட்டார். தப்பாகப் படிக்கிற ஆள் இல்லை அவர். கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்தார், இன்னும் ஏதாவது வருமா என்று.

"நல்லா கேக்கலியோ?"

நான் தலையாட்டினேன்.

"நாளைக்கு மட்டும்தான?"

அதற்கும் தலையாட்டினேன்.

"அதுக்கென்னட்டி. கம்பெனியில நாள் பூரா அதத்தான செய்யுதேன்" என்று சிரித்தார். டம்ளரில் தண்ணீர் பிடித்து முழுதும் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. பாட்டு நன்றாக வந்தது. மிக நன்றாக வந்தது! ஒரு பிசிறு இல்லை. நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். அவரும் தன் இடத்தில் நின்று, தன் வேலையை முழு ஒழுங்காகச் செய்தார். எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டுமோ அந்த இடத்தில் மூச்சுகூட எடுத்தார்.

முடிந்ததும் வீட்டுக்கார அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கண்ணு, அத்தன பேரு பாடுனாலும் தம்பி கொரலு தனியாக் கணீர்னு கேட்டுதுங்க!"

நான் சிரித்தேன். "அப்படீங்களாம்மா" என்றேன். என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்தப் பாராட்டு அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. உதட்டைப் படித்திருப்பார்.

கோயம்புத்தூருக்கு யாரும் கூப்பிடவில்லை. அந்த மாஸ்டர் அதன் பிறகு போனைக்கூட எடுக்கவில்லை. நாசமாய்ப் போகட்டும்.

இதுவரை நீங்கள் என்னை மன்னித்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு நாள்தானே, ஒரு நிகழ்ச்சிதானே என்று. பொறுங்கள். என் குற்றம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் வாயை மட்டும்தான் அசைத்தார். சொன்ன ஒரு நாள் முடிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இனி பாடுங்க.' இரண்டே சொல். சத்தம்கூட வேண்டாம், உதட்டை அசைத்தாலே போதும். அவர் எனக்காகக் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் என் முகத்தைப் பார்ப்பார். நான் கையைத் தூக்குவேன். எல்லோரும் பாடுவார்கள். அவர் அசைப்பார்.

ஏன் சொல்லவில்லை? நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மறந்துவிட்டேனா? இல்லை. அவர் மனம் புண்படும் என்றா? அதுவும் பொய். அவர் பாடாதபோது குழு சுத்தமாக ஒலித்தது. என் காதுக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவுதான்! குறை உள்ள பீஸைத் தனியாகத் தூக்கிப் போட்டுவிட்டு, நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா மறித்தார்.

"ஏனுங்க கண்ணு, தம்பி பாட்டே காணமுங்களே? தொண்ட கிண்ட சரியில்லீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. வீட்டிலும் நின்றுபோயிருந்தது! குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். மீன் கழுவும்போது கத்திச் சத்தம் மட்டும். நான் சபையில் மட்டும்தான் சொன்னேன். வீட்டில் வேண்டாம் என்று எப்போது சொன்னேன்? ஆனால் அவருக்கு வேறு என்ன தோன்றியிருக்கும்? தன் பாட்டு நன்றாக இல்லை என்று கட்டிய மனைவியே சொன்ன பிறகு, சமையலறையில் அவள் நிற்கும்போது எவன் பாடுவான்?

"சளிங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தனுப்பினார். என் கணவர் அதை எதற்கு என்றுகூடக் கேட்காமல் குடித்தார்.

எங்கள் ஒரே மகள் பெனிட்டாவின் கல்யாணம் வந்தது. முந்தின நாள் வீட்டில் ஜெபம். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். நாகர்கோவில் குடும்பம். எல்லோரும் பாடுகிறவர்கள். அந்தச் சின்ன வீட்டில் வாசல்வரை ஆட்கள். பெனிட்டா திடீரென்று அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, நாளைக்கு நான் போயிருவேன். நீங்க ஒரு பாட்டுப் பாடுங்கப்பா. முன்னால பாடுவீங்கல்ல... அந்த மாதிரி."

அவளுக்கு எதுவும் தெரியாது. வேலைப்பளு, வயது, அதனால் அப்பா பாடுவதில்லை என்று நினைத்திருக்கிறாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை எப்படி எழுதுவது... கெஞ்சல் இல்லை அதில். கோபமும் இல்லை. சும்மா கேட்டார். பாடட்டுமா? என்று. ஒரு தலையாட்டல் போதும். என் மகளுக்காக, அவள் அப்பா, அவர் வீட்டில்... தலையாட்டியிருக்க வேண்டாமா?

நான் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். சபையில் தனியாக நின்று ஸ்பெஷல் பாட்டெல்லாம் பாடுகிற அம்மா. கண்ணை மூடிக் கேட்கத் தயாராக இருந்தார்.

நானே பாட்டைத் தொடங்கிவிட்டேன். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அவரும் சேர்ந்துகொண்டார்... வாயசைவோடு. பெனிட்டா அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அப்பா பாடுகிறார் என்று நினைத்து அழுதாளோ, பாடவில்லை என்று தெரிந்து அழுதாளோ... இன்றுவரை அவளிடம் நான் கேட்டதில்லை. தைரியம் இல்லை.

சனிக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்கு இலவசப் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். டெய்லர் வீட்டுப் பிள்ளைகள், வேஸ்ட் துணி வியாபாரம் செய்யும் பாய் வீட்டுப் பிள்ளைகள், எல்லாச் சாதியும் எல்லா மதமும் வரும். அவர்களிடம் நான் என்ன சொல்கிறேன் தெரியுமா? "தப்பாப் பாடினாலும் பரவால்ல, சத்தமாப் பாடு கண்ணு." வெட்கம் கெட்டவள்! ஊரான் பிள்ளைக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

ஏக்கம் எப்போது தொடங்கியது என்று தெரியாது. பாத்திரம் கழுவும்போது ஆல்ட்டோவை முணுமுணுப்பேன். கீழ்க்குரல் வர வேண்டிய இடம் வரும். நான் நிறுத்திக் காத்திருப்பேன். எதுவும் வராது. கீழே ஒரு குரல் இல்லாமல் ஆல்ட்டோ பாடுவது, இருட்டில் இல்லாத படியில் காலை வைப்பது மாதிரி. பாடுகிறவர்களுக்குப் புரியும்.

அந்தக் குரல் எதிலாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எங்கள் குழுவை வீடியோ எடுக்கத் தொடங்கியதே அந்த விழாவில்தான். அன்றிலிருந்து வருடாவருடம் எல்லாம் நெட்டில் இருக்கிறது. எல்லாவற்றிலும் அவர் நிற்கிறார். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போனில் அதைப் போட்டு, பின்வரிசையைப் பெரிதாக்கி, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காதில் இயர்போன். அத்தனை பேர் குரலும் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்கள் கேலி செய்வார்கள். "என்னக்கா, ஊட்டுக்காரர இப்படி உத்து உத்துப் பாக்கறீங்க? ஊட்டுல பாத்தது பத்தலீங்களா?"

பத்தவில்லை.

இப்போது அவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்பதில்லை. காது மிஷின் வாங்கினோம். அதை வைத்தால் மண்டைக்குள் நிட்டிங் மிஷின் ஓடுவதுபோல இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். ஆனாலும் சனிக்கிழமைப் பயிற்சிக்குத் தவறுவதில்லை. யார் எந்தச் சொல்லில் இருக்கிறார்கள் என்று முன்வரிசைக்காரர்களின் தாடை அசைவை ஓரக்கண்ணால் பார்த்தே சேர்ந்துகொள்வார். புதிதாகச் சேர்ந்த பையன்கள் அவரிடம் வாயை எப்படித் திறப்பது என்று கற்றுக்கொள்கிறார்கள்!

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடித்த பிறகு, அவருக்கு எதிரே உட்கார்ந்து உதட்டை அசைத்தேன்.

'ஒரு பாட்டுப் பாடுங்களேன்.'

"எதுக்கு?" என்றார்.

'எனக்குக் கேக்கணும்.'

அவர் தட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை விரலால் எடுத்தார்.

"வேண்டாம்ட்டி. நல்லாத்தான போய்ட்டிருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குத்திக் காட்டியிருந்தால் கட்டிப் பிடித்து அழுதிருப்பேன். ஒன்றும் இல்லை. எனக்கு உதவி செய்கிற குரலில் சொன்னார். நான் கேட்ட ஒன்றை இத்தனை வருடம் காப்பாற்றிக் கொடுத்தவர், இப்போது அதை ஏன் கெடுக்கிறாய் என்று கேட்பதுபோல.

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஆர்டர் முடிந்து மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால், அவர் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துக்கொண்டு வீரபாண்டிக்குப் போனேன். வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், உள்ளே விட்டார். கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம் நெஞ்சில் மோதியது. மிஷின்களுக்கு நடுவில் முதுகை லேசாகக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது.

யாரோடு பேசுகிறார் என்று பார்த்தேன். எதிரே யாரும் இல்லை.

இன்னும் நெருங்கினேன். கம்பெனிப் பேச்சில் உதடு மட்டும்தான் அசையும். தொண்டை அசையாது. அவர் தொண்டை அசைந்தது! கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கீழ்க்குரலுக்கு இறங்கும்போது தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார், அப்படி இழுத்துக்கொண்டார். கண் பாதி மூடியிருந்தது.

பாடிக்கொண்டிருந்தார்! முழுக்குரலில்! யாருக்கும் கேட்காத இடத்தில், அவருக்கே கேட்காத இடத்தில், அவர் பாடிக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாக இங்கே இப்படி... நான் அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றேன். மிஷின் சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல ஒரு சிரிப்பு. பிறகு உதட்டை அசைத்தார். 'என்னட்டி, இந்த நேரத்துல?'

சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் காட்டினேன். வாங்கி ஓரமாக வைத்தார். நான் உதட்டை அசைத்தேன். 'பாடுங்க.' அவர் படித்தார். எப்போதும்போலச் சரியாகத்தான் படித்தார். தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார். அதே நேரத்தில் ஒரு மிஷினில் நூல் அறுந்து விளக்கு எரிந்தது. அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டி, அந்த ஹாலின் பின்சுவர் தெருவோரம் வருகிறது. அங்கே நின்றேன். நான் போய்விட்டேன் என்று மறுபடி தொடங்கியிருப்பார். நிச்சயமாகத் தொடங்கியிருப்பார். சுவரில் காதை வைத்தேன். பைக்கில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். யாருடைய சுருதி எங்கே விலகினாலும் பிடித்துவிடும் காது என்று என் காதுக்கு ஊரில் பெயர்.

அதற்கு எதுவும் கேட்கவில்லை.